தணிவும் தீர்வும்: பிட்யூட்டரி அறுவை மருத்துவத்தில் முன்கணிப்பின் வரலாறு

1970களின் தொடக்கத்தில், அக்ரோமெகலி என்னும் நோய்க்காக அறுவை மருத்துவம் செய்துகொண்ட ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். அறுவைக்குப் பின் அவருடைய குருதியில் வளர்ச்சி ஹார்மோன் ஒரு மில்லிலிட்டருக்கு 8 நானோகிராம் இருப்பதாக ஆய்வுக்கூடம் தெரிவிக்கிறது. அக்காலத்து மருத்துவக் கட்டுரைகள் பலவற்றில் 10 நானோகிராமுக்குக் கீழ் இருந்தால் போதும். அதுவே வெற்றியின் எல்லை. ஆகவே அவர் ‘குணமடைந்தோர்’ பட்டியலில் ஏறுகிறார். அதே மனிதர் அதே அளவோடு 2000ஆம் ஆண்டில் மருத்துவர்முன் அமர்ந்திருந்தால், ‘நோய் தொடர்கிறது’ என்றே அவருடைய ஏட்டில் எழுதப்பட்டிருக்கும். உடலில் எந்த மாற்றமும் நிகழவில்லை. மாறியது சொல்லின் பொருள்.

இவ்வுரையின் பொருள் இந்த மாற்றத்தின் வரலாறுதான். மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி தோன்றி, அது ஹார்மோனை மிகையாகச் சுரந்து, அக்கட்டியை அறுவை மருத்துவர் அகற்றிய பின், நோயாளி கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: “எனக்கு நோய் போய்விட்டதா?” கடந்த நூறாண்டுக்கும் மேலாக மருத்துவம் இக்கேள்விக்கு விடை சொல்ல முயன்று வருகிறது. ஆனால் கேள்வியையே அது மூன்றுமுறை மாற்றிக்கொண்டது. முதலில், ‘இவர் உயிரோடு வீடு திரும்புவாரா?’ என்று கேட்டது. அடுத்து, ‘கட்டி முழுவதும் வெளியே வந்துவிட்டதா?’ என்று கேட்டது. இன்று, ‘நோய் தணிந்த நிலை எத்தனை ஆண்டு நிலைக்கும்?’ என்று கேட்கிறது. ஒவ்வொரு கேள்விக்கும் வேறு அளவுகோல் வேண்டியிருந்தது.

முதலில் சுரப்பியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். கொண்டைக்கடலை அளவே உள்ள இதன் எடை ஏறத்தாழ அரை கிராம். மூக்கின் பின்புறத்துக்கு மேலே, எலும்பில் அமைந்த ஒரு சிறு பள்ளத்தில் இது இருக்கிறது. குதிரைச் சேணம்போல் தோன்றுவதால் அப்பள்ளத்தைத் துருக்கியச் சேணம் என்று உடற்கூற்றியலார் அழைத்தனர். ‘பிட்யூட்டா’ என்ற இலத்தீன் சொல்லுக்குக் கபம் என்று பொருள். மூளையின் கழிவுநீர் இச்சுரப்பியின் வழியாக வடிந்து மூக்கில் சளியாக வெளிப்படுகிறது என்று பண்டைய கிரேக்க மருத்துவர் காலென் கருதினார். பதினாறாம் நூற்றாண்டின் உடற்கூற்றியல் மேதை வெசேலியசும் அக்கருத்தை ஒட்டியே பெயரிட்டார். பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ரிச்சர்டு லோவர் அது தவறெனக் காட்டினார். கருத்து மறைந்தது, பெயர் நின்றது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் இச்சுரப்பிக்குக் ‘கபச்சுரப்பி’ என்று பெயர். கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபடும் நம்மவர்க்கு இஃது ஓர் எச்சரிக்கையும் சுவையான செய்தியும் ஆகும்: சொல்லை நேர்மையாகப் பெயர்த்தவர், ஈராயிரம் ஆண்டுப் பழைய பிழையையும் சேர்த்தே பெயர்த்துவிட்டார்.

இச்சுரப்பியில் தோன்றும் கட்டிகள் பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. உடலின் பிற பகுதிக்குப் பரவுவது மிக அரிது. அவற்றின் தீமை வேறு வகையானது. வளர்ச்சி ஹார்மோனை மிகையாகச் சுரந்தால் கைகால்களும் தாடையும் தடித்துப் பெருக்கும்; இதயம் பாதிக்கப்படும்; நீரிழிவு வரும். இதுவே அக்ரோமெகலி. அட்ரினல் சுரப்பியைத் தூண்டும் ஹார்மோனை மிகையாகச் சுரந்தால், உடலில் கார்ட்டிசால் பெருகும். முகம் நிலவுபோல் உருண்டு, வயிறு பருத்து, கைகால் மெலிந்து, தோலில் ஊதாநிறக் கோடுகள் தோன்றி, எலும்பு நொய்ந்து போகும். இது குஷிங் நோய் எனப்படுகிறது. இரண்டு நோய்களின் வரலாறும் பின்னிப் பிணைந்தே வந்திருப்பதால் இரண்டையும் சேர்த்தே பேசுவோம்.

மோதிரமும் காலணியும்

1886ஆம் ஆண்டு பாரிசு நகரில் பியர் மாரி என்ற மருத்துவர் இரு நோயாளிகளை விவரித்து, ‘நுனி உறுப்புகளின் பெருக்கம்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களால் அக்ரோமெகலி என்ற பெயரை உண்டாக்கினார். நோய்க்குப் பெயர் கிடைத்தபோதும் அதன் காரணம் தெளிவாகவில்லை. பிட்யூட்டரி மிகையாக வேலை செய்வதால் நோய் வருகிறதா, வேலை செய்யாததால் வருகிறதா என்பதே அன்று வழக்காக இருந்தது.

1907 மார்ச்சு 16ஆம் நாள், ஆஸ்திரிய நகரமான இன்ஸ்புருக்கில் ஹெர்மன் ஷ்லோஃபர் மூக்கின் வழியாகச் சென்று பிட்யூட்டரிக் கட்டியொன்றை அகற்றினார். அவ்வழியில் வெற்றிகரமாக நடந்த முதல் அறுவை இது என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. நோயாளி முப்பது வயது ஆடவர். அறுவையை அவர் தாங்கினார். ஏறத்தாழ இரண்டரை மாதத்தில் இறந்தார். பிணக்கூற்று ஆய்வில், கட்டியின் பெரும்பகுதி உள்ளேயே எஞ்சியிருந்தது தெரிந்தது. அறுவை வென்றது, நோய் அகலவில்லை. இந்த வேறுபாட்டை அளந்து சொல்லும் கருவி எதுவும் ஷ்லோஃபரிடம் இல்லை. கட்டியின் எஞ்சிய பகுதியைக் காட்டியது சாவு மட்டுமே.

ஈராண்டுக்குப் பின் 1909 மார்ச்சில், அமெரிக்காவின் பால்ட்டிமோரில் ஹார்வி குஷிங் ஓர் உழவருக்கு அறுவை செய்தார். 1869இல் பிறந்த குஷிங், அப்போது ஜான்ஸ் ஹாப்கின்சு மருத்துவமனையில் பணியாற்றி வந்தார். தெற்கு டகோட்டாவிலிருந்து வந்த அந்த உழவருக்கு அக்ரோமெகலி முற்றியிருந்தது. சுரப்பியின் ஒரு பகுதியை மட்டுமே குஷிங் அகற்றினார். நோயாளியின் நிலை சீரடைந்தது. இதிலிருந்து குஷிங் பெரிய முடிவொன்றுக்கு வந்தார்: ஒரு பகுதியை வெட்டியதால் நோய் தணிகிறதென்றால், நோய்க்குக் காரணம் சுரப்பியின் மிகைச் செயலே. நோய்த்தணிவு என்பது மருத்துவத்தின் பயனாக மட்டும் அமையாமல், நோயின் காரணத்துக்கே சான்றாக நின்ற தருணம் அது.

ஆயின் தணிந்தது என்று எதைக் கொண்டு சொன்னார்கள்? மோதிரம் மீண்டும் விரலில் ஏறியதைக் கொண்டு. கையுறையும் காலணியும் தளர்ந்ததைக் கொண்டு. தலைவலி விட்டதையும் பார்வை மீண்டதையும் கொண்டு. பழைய நிழற்படத்தையும் புதிய நிழற்படத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தார்கள். இவை எளிய அளவுகோல்களே என்றாலும் பொய்யானவை அல்ல. நோயாளி எதை நோயென உணர்கிறாரோ அதையே அவை அளந்தன.

குஷிங் பாஸ்டன் நகருக்குச் சென்ற பின் இவ்வகை அறுவைகள் பெருகின. 1910 முதல் 1925 வரை அவர் மூக்குவழியில் 231 அறுவைகள் செய்தார், இறப்பு 5.6 விழுக்காடு. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் தோன்றாத காலத்தில் இஃது அரிய சாதனை. ஆனால் அக்காலத்து அளவையின் எல்லையையும் இவ்வெண் காட்டுகிறது. இறந்தோர் எத்தனை என்பது பதின்ம இலக்கம் வரை துல்லியமாகத் தெரியும். நோய் நீங்கியோர் எத்தனை என்பதை அவ்வளவு துல்லியமாக யாராலும் சொல்ல இயலாது.

இங்கே ஒரு பெண்மணியைப் பற்றிச் சற்று நின்று பேச விரும்புகிறேன். குஷிங்கைப் பற்றிய பேச்சில் இவர் பெயர் போதிய அளவு ஒலிப்பதில்லை. லூயிஸ் ஐசன்ஹார்ட் 1915இல் குஷிங்கிடம் எழுத்துப்பணி உதவியாளராகச் சேர்ந்தார். பின்னர் மருத்துவம் பயின்று, 1925இல் பட்டம் பெற்று, நரம்பு நோய்க்கூற்றியல் அறிஞராகத் திரும்பி வந்தார். அகற்றப்படும் ஒவ்வொரு கட்டியையும் நுண்ணோக்கியில் ஆய்ந்து வகைப்படுத்தியவர் அவரே. நோயாளிகள் என்ன ஆனார்கள், அறுவையின் முடிவு யாது என்பதைக் குறிப்பேட்டில் பதிந்து காத்தவரும் அவரே. குஷிங் தம் நோயாளிகளுடன் பல்லாண்டு கடிதத் தொடர்பு வைத்திருந்தார். அக்கடிதங்களும், கட்டிகளும், படங்களும், குறிப்புகளும் சேர்ந்து உருவான மூளைக்கட்டிப் பதிவேடு யேல் பல்கலைக்கழகத்துக்குச் சென்றது. 1944இல் தொடங்கிய நரம்பு அறுவை மருத்துவ இதழின் முதல் ஆசிரியராகவும் ஐசன்ஹார்ட் விளங்கினார்.

முன்கணிப்பு என்பது ஆரூடம் அன்று. முன்னர் வந்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை யாரோ ஒருவர் சலியாமல் எழுதி வைத்தால்தான், பின்னர் வருபவருக்கு என்ன நேரும் என்று சொல்ல முடியும். கத்தி பிடித்த கைக்குக் கிடைத்த புகழில் ஒரு பங்கு, குறிப்பேடு பிடித்த கைக்கும் உரியது.

1932இல் குஷிங் 12 நோயாளிகளைத் தொகுத்து, பிட்யூட்டரியில் தோன்றும் மிகச் சிறிய கட்டியே ஒரு தனி நோயை உண்டாக்குகிறது என எழுதினார். அதுவே பின்னாளில் அவர் பெயரால் வழங்கியது. அப்பட்டியலில் பெயர்பெற்றவர் ‘மின்னி ஜி.’ என்று குறிக்கப்பட்ட, ரஷ்யாவிலிருந்து குடியேறிய இளம்பெண். 1910இல் அவருடைய 23ஆம் வயதில் குஷிங் முதன்முதலாக அவரைக் கண்டார். இந்நோய் பற்றிய முன்கணிப்பு அக்காலத்தில் மிகக் கொடியது. 1950களில் வந்த தொகுப்பாய்வு, ஐந்தாண்டுக்குள் பாதிப் பேர் இறந்ததாகக் கூறிற்று. ஆனால் மின்னி ஜி., 1939இல் மறைந்த குஷிங்கை விடவும் பல்லாண்டு கூடுதலாக வாழ்ந்தார். அவர் பிட்யூட்டரியில் கட்டி இருந்ததென்று எக்காலத்திலும் மெய்ப்பிக்கப்படவும் இல்லை. ஒரு நோய்க்கு முதல் எடுத்துக்காட்டாக நிற்பவரே அந்நோயின் முன்கணிப்புக்குள் அடங்காதவராய் இருந்தார் என்பது மருத்துவ வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

கைவிட்ட வழியும் மீண்ட வழியும்

1920களின் இறுதியில் குஷிங்கே மூக்குவழியைக் கைவிட்டு, மண்டையோட்டைத் திறக்கும் வழிக்கு மாறினார். பார்வை நரம்பை நேரே கண்டு விடுவிக்க அவ்வழியே ஏற்றதாக அவருக்குத் தோன்றியது. தலைவர் மாறியதும் தொண்டர் மாறினர். மூக்குவழி அமெரிக்காவில் ஏறத்தாழ மறைந்தே போயிற்று. மூக்கின் உள்துளை வழியே செல்லும் முறையை 1910இல் வியன்னாவில் வகுத்த ஆஸ்கர் ஹிர்ஷ் மட்டும், 1938இல் தாயகம் விட்டுப் பாஸ்டனுக்கு வந்த பின்னும் அதைத் தொடர்ந்தார்.

அம்முறை பிழைத்தது ஓர் ஆசிரியர்–மாணவர் வழியால். எடின்பரோவைச் சேர்ந்த நார்மன் டாட், 1923–24இல் குஷிங்கிடம் பயின்றவர். குரு கைவிட்ட பின்னும் மாணவர் விடவில்லை. 1956இல் பாரிசின் ஜெரார் கியோ டாட்டிடம் சென்று அம்முறையைக் கண்டார். பாரிசுக்குத் திரும்பி அதைச் செம்மைப்படுத்தினார். கியோவிடம் கற்ற ஷூல் ஹார்டி அதைக் கனடாவின் மான்ட்ரியலுக்குக் கொண்டு சென்றார். 1960களில் ஹார்டி அறுவைக்கூடத்துக்குள் நுண்ணோக்கியைக் கொண்டுவந்தார். அதன்பின்தான் 10 மில்லிமீட்டருக்குக் குறைந்த கட்டியை, இயல்பான சுரப்பியிலிருந்து பிரித்து, அதை மட்டும் எடுக்க முடிந்தது. ‘நுண்கட்டி’ என்ற கருத்தும் அவரிடமிருந்தே வந்தது.

இதற்குள் மருந்துலகிலும் பெரிய மாற்றம் நிகழ்ந்துவிட்டது. 1940களின் இறுதியில் கார்ட்டிசோன் மருந்தாகக் கிடைத்தது. அதற்கு முன், பிட்யூட்டரியையோ அட்ரினலையோ முழுவதும் அகற்றினால் நோயாளி கார்ட்டிசால் இன்றி இறக்க நேரும். ஆகவே ‘முழுமையாக எடுப்பது’ என்ற எண்ணமே அச்சத்துக்குரியதாக இருந்தது. கார்ட்டிசோன் அவ்வச்சத்தைப் போக்கியது.

நானோகிராம் காலம்

அறுவைக்கூடம் சீரடைந்தது, ஆனால் ‘நோய் போய்விட்டதா’ என்ற கேள்விக்கு விடை அங்கிருந்து வரவில்லை. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், முன்னாள் படைவீரர் மருத்துவமனையொன்றில் இருந்து வந்தது. அங்கே இயற்பியலாளர் ராசலின் யாலோவும் மருத்துவர் சாலமன் பெர்சனும் சேர்ந்து, குருதியில் உள்ள ஹார்மோனைக் கதிரியக்க அணுவின் துணையோடு அளக்கும் முறையை 1959–60இல் கண்டனர். முதலில் இன்சுலினை அளந்தார்கள்; 1963இல் வளர்ச்சி ஹார்மோனையும் அளக்க முடிந்தது. நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. 1977இல் யாலோவுக்கு நோபெல் பரிசு கிடைத்தது. பெர்சன் 1972இலேயே மறைந்துவிட்டதால் அப்பரிசில் அவர் பங்கு பெறவில்லை.

இனி மோதிரத்தைப் பார்க்க வேண்டிய தேவையில்லை என்று மருத்துவம் நினைத்தது. ஒரு துளிக் குருதி போதும். ஆனால் எண் கிடைத்தவுடன் ஒரு புதிய இடர் தோன்றியது: எந்த எண்? நலமுள்ளவர் உடலிலும் வளர்ச்சி ஹார்மோன் நாள் முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. அலைபோல் எழுந்து விழும். தற்செயலாக எடுத்த ஓர் அளவு, அலையின் முகட்டில் எடுத்ததா, பள்ளத்தில் எடுத்ததா என்று எப்படி அறிவது? எனவே சுரப்பியைக் கேள்வி கேட்கும் வழி ஒன்று வேண்டியிருந்தது. நலமுள்ளவருக்குக் குளுக்கோசு கரைசல் கொடுத்தால் வளர்ச்சி ஹார்மோன் அடங்கி, ஏறத்தாழ இல்லாத நிலைக்குப் போகும். கட்டி அவ்வாறு அடங்காது. உடலின் கட்டளைக்குச் செவிசாய்க்காமல் சுரந்துகொண்டே இருக்கும். அறுவைக்குப் பின் குளுக்கோசு கொடுத்தும் ஹார்மோன் அடங்கவில்லை என்றால், கட்டி எங்கோ ஒளிந்திருக்கிறது என்று பொருள். அத்துடன், வளர்ச்சி ஹார்மோனின் ஆணையால் கல்லீரலில் உண்டாகும் ஐ.ஜி.எஃப்.-1 என்ற பொருள் நாள் முழுவதும் ஏறத்தாழச் சீராக இருப்பதால், அதுவும் ஒரு சாட்சியாகச் சேர்ந்துகொண்டது. இச்சாட்சி மெதுவாகவே பேசும். அதன் முழு வாக்குமூலத்தைக் கேட்க அறுவைக்குப் பின் மூன்று மாதம் அளவாவது காத்திருக்க வேண்டும்.

எல்லைக்கோடு இறங்கத் தொடங்கியது. முதலில் 10, பிறகு 5, பிறகு 2.5க்கு அருகில். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த பன்னாட்டு வல்லுநர் இணக்க அறிக்கை, குளுக்கோசுக்குப் பின் 1 நானோகிராமுக்குக் கீழ் இருக்க வேண்டும், ஐ.ஜி.எஃப்.-1 வயதுக்கேற்ற அளவில் இருக்க வேண்டும் என்றது. 2010இல் வந்த அடுத்த அறிக்கை, நுட்பம் மிகுந்த கருவிகளைக் கொண்டு அளக்கும்போது அதை 0.4 ஆகக் குறைத்தது. இவ்வாறு இறங்கியதற்கு இரு காரணங்கள் உண்டு. இரண்டும் ஒரே தன்மையன அல்ல. ஒன்று கருவி: பழைய முறைகளால் 1க்குக் கீழே நம்பத்தக்கவாறு அளக்கவே இயலாது, கருவி கூர்மையானதும் எல்லையும் கீழே போயிற்று. மற்றொன்று இறப்புப் பதிவேடு: அக்ரோமெகலி நோயாளிகளைப் பல்லாண்டு தொடர்ந்து பார்த்தபோது, ஹார்மோன் 2.5க்குக் கீழ் இருந்தவர்களின் இறப்பு வீதம் பொதுமக்களுடையதற்கு நெருங்கி வந்தது. என் எண்ணத்தில், இரண்டாம் காரணமே வலிமையானது. கருவி காணக்கூடியதை எல்லாம் நோய் என்று சொல்லத் தேவையில்லை; மனிதர் வாழ்நாளைக் குறைப்பதை நோய் என்று சொல்லியே ஆக வேண்டும்.

குறையக் குறைய மகிழ்ச்சி

குஷிங் நோயில் கதை வேறு திசையில் செல்கிறது. இங்கே மருத்துவர் எதிர்பார்ப்பது இயல்பான அளவை அன்று, இயல்புக்கும் கீழான அளவை.

காரணம் இதுதான். கட்டி பல ஆண்டுகளாகத் தூண்டுதல் ஹார்மோனை மிகையாகச் சுரந்து வந்ததால் கார்ட்டிசால் பெருகியிருந்தது. அப்பெருக்கத்தைக் கண்ட இயல்பான பிட்யூட்டரி அணுக்கள், ‘நம் பணி இப்போது தேவையில்லை’ என்பதுபோல் உறங்கிப் போயின. கட்டியை முழுவதும் எடுத்துவிட்டால், சுரக்க எவரும் இல்லை. உறங்கியவை எழ மாதக்கணக்காகும். ஆகவே ஓரிரு நாளில் கார்ட்டிசால் அதல பாதாளத்துக்கு விழ வேண்டும். அவ்வாறு விழாமல் ‘இயல்பான’ அளவில் நின்றால், ஐயம் எழுகிறது: உறங்காத எவரோ இன்னும் உள்ளே இருக்கிறார். 2008இல் வந்த இணக்க அறிக்கை, அறுவைக்குப் பின் ஏழு நாளுக்குள் காலைக் கார்ட்டிசால் ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்குக் கீழ் போவதைத் தணிவின் அடையாளமாகக் கொண்டது. 2 மைக்ரோகிராமுக்குக் கீழ் நிலைத்தால் இன்னும் நல்லது. அத்தகையோரிலும் பத்தாண்டுக்குள் பத்தில் ஒருவருக்கு நோய் மீளக்கூடும் என்றும் அது கூறியது. மிகச் சிலருக்குக் கார்ட்டிசால் உடனே விழாமல், சில வாரம் கழித்துத் தானே விழுவதும் உண்டு. எனவே முதல் வார எண்ணை மட்டும் கொண்டு உடனே மறு அறுவைக்கு அழைத்துச் செல்வது எல்லார்க்கும் பொருந்தாது.

நோயாளியின் பக்கமிருந்து இதைப் பார்க்க வேண்டும். எண் எவ்வளவு நன்றாக இருக்கிறதோ, அவர் அவ்வளவு துன்பத்தில் இருக்கிறார். மிகையான கார்ட்டிசாலில் பழகிய உடல், அது திடீரென விலகியதும் தள்ளாடுகிறது. மூட்டெல்லாம் வலிக்கும், தோல் உரியும், மனம் சோர்ந்து போகும், படுக்கையைவிட்டு எழுவதே பெரும்பாடாகும். அறுவைக்கு முன் இருந்ததைவிட இப்போது மோசமாக இருக்கிறதே, அறுவை தோற்றுவிட்டதோ என்று அவர் அஞ்சுகிறார். அறுவை வென்றதன் அடையாளமே அது என்று மருத்துவர் விளக்க வேண்டியிருக்கிறது. கார்ட்டிசாலுக்கு ஈடான மாத்திரையை ஆறு மாதம், ஓராண்டு, சிலருக்கு அதற்கும் மேல் உட்கொள்ள வேண்டும். அம்மாத்திரை விரைவில் தேவையற்றுப் போவதையும் மருத்துவர் முழு மகிழ்ச்சியோடு பார்ப்பதில்லை. உறங்கிய அணுக்கள் எதிர்பார்த்ததைவிட முன்னரே எழுந்துவிட்டன என்றால், எழுந்தது இயல்பான அணுதானா, எஞ்சிய கட்டியா என்ற கேள்வி வருகிறது. விரைவில் மீள்பவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு மிகுதி என்று தொடர் ஆய்வுகள் காட்டியுள்ளன. மோதிரமும் காலணியும் நோயாளியின் உணர்வோடு ஒத்துப் போயின. கார்ட்டிசால் எண் அவ்வுணர்வுக்கு நேர் எதிராகப் பேசுகிறது. எண்ணின் காலம் நோயாளியிடமிருந்து பறித்துக்கொண்டது எது என்று கேட்டால், தன் நோயைத் தானே அறியும் உரிமையை என்று சொல்லலாம்.

சொல்லைப் பற்றி இப்போது பேசலாம். ஆங்கில மருத்துவ வழக்கில் ‘கியூர்’ என்ற சொல் குஷிங் நோயைப் பொறுத்தவரை பின்வாங்கி, ‘ரெமிஷன்’ என்ற சொல் அவ்விடத்துக்கு வந்துள்ளது. தளர்த்துதல், திரும்ப அனுப்புதல் என்பது அதன் இலத்தீன் வேர்ப்பொருள். தமிழில் இதைச் சிலர் ‘குணமடைதல்’ என்றே எழுதிவிடுகின்றனர். அது பிழை. நோயாளிக்குத் தீங்கு செய்யும் பிழையும் ஆகும்; ஏனெனில் ‘குணமாயிற்று’ என்று கேட்டவர் மறு ஆண்டு சோதனைக்கு வரமாட்டார். ‘நோய்த்தணிவு’ என்ற சொல்லை நான் விரும்புகிறேன். தமிழில் தணிவன எவை? சினம் தணியும், தாகம் தணியும், தீ தணியும், சுரம் தணியும். இவற்றுள் எதுவும் மீண்டும் எழாது என்று எவரும் உறுதி கூறமாட்டார். திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தைப் படித்தோர் இரு சொற்களையும் அங்கே கண்டிருப்பர்: மருத்துவர் தேட வேண்டிய வழியைக் கூறுமிடத்தில் வள்ளுவர் தணித்தலைச் சொல்கிறார், மருத்துவரைக் குறிக்குமிடத்தில் தீர்ப்பவர் என்கிறார். தீர்ப்பவர் என்பது நாம் மருத்துவரிடம் வைக்கும் நம்பிக்கை, தணிப்பது அவர் உண்மையில் செய்யும் தொழில். இவ்விளக்கம் உரையாசிரியர்கள் தந்ததன்று. பிட்யூட்டரி நோயின் வரலாற்றைப் படித்த பின் எனக்குத் தோன்றியது.

இன்றைய கணிப்பு

அறுவைக்கு முன்பே கணிக்க இயலுமா என்பது இப்போதைய வினா. ஓரளவு இயலும். கட்டி சிறிதாக இருந்தால் வாய்ப்பு மிகுதி, பெரிதானால் குறைவு. தேர்ந்த கைகளில், நுண்கட்டி உள்ளோரில் பத்தில் எட்டுப் பேர் அளவில் தணிவு பெறுவது வழக்கம். அக்ரோமெகலியில் அறுவைக்கு முன்னுள்ள ஹார்மோன் அளவும் கணக்கில் வரும். எல்லாவற்றினும் முதன்மையானது கட்டி பக்கவாட்டில் பரவியுள்ளதா என்பது. சுரப்பியின் இருபுறமும் மூளைக்குச் செல்லும் பெருந்தமனிகள் ஓடுகின்றன. கட்டி தமனியைத் தாண்டியதா, சூழ்ந்துகொண்டதா என்பதை எம்.ஆர்.ஐ. படத்தில் கோடு வரைந்து, 0 முதல் 4 வரை தரப்படுத்தும் முறையை வியன்னாவின் எங்கல்பெர்ட் நாஸ்பும் உடன் பணியாற்றியோரும் 1993இல் வெளியிட்டனர். தமனியை முழுவதும் சூழ்ந்துகொண்ட நான்காம் தரக் கட்டியை முற்றாக எடுப்பது ஏறத்தாழ இயலாது. குஷிங் நோயிலோ வேறு இடர்: பலருக்குக் கட்டி மிகச் சிறியதாதலால் படத்திலேயே தெரிவதில்லை. அங்கே சுரப்பியிலிருந்து வடியும் சிரைகளில் குருதி எடுத்து, கட்டி பிட்யூட்டரியில்தான் இருக்கிறதா என்று உறுதி செய்கிறார்கள்.

அறுவை மருத்துவரின் பட்டறிவும் கணிப்பில் ஒரு காரணி. ஆண்டுக்கு ஓரிரு முறை இவ்வறுவையைச் செய்பவரின் கையில் கிடைக்கும் முடிவும், வாரந்தோறும் செய்பவரின் கையில் கிடைக்கும் முடிவும் ஒன்றல்ல. கட்டியைப் பற்றி இத்தனை எண்கள் சேகரிக்கும் மருத்துவ உலகம், இந்த ஓர் எண்ணை நோயாளிக்கு எடுத்துச் சொல்வதில் சற்றே கூச்சம் காட்டுகிறது.

அண்மையில் கணினிக்கு இவ்வெல்லாவற்றையும் கொடுத்துக் கற்பித்து, தணிவைக் கணிக்கும் முயற்சிகள் நடந்து வருகின்றன. மாணவர்கள் இவற்றை ஆர்வத்துடன் படிக்கின்றனர், படிக்கவும் வேண்டும். படிக்கும்போது ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: கணினிக்குப் பாடமாகக் கொடுத்த பழைய ஏடுகளில் ‘தணிந்தது’ என்று குறித்தவர் எந்த எல்லையைக் கொண்டு குறித்தார்? 2.5ஆ, 1ஆ, 0.4ஆ? அறுவைக்குப் பின் எத்தனை மாதம் கழித்துக் குறித்தார்? நோயாளியை அதன்பின் எத்தனை ஆண்டு பின்தொடர்ந்தார்? ஐசன்ஹார்ட்டின் குறிப்பேட்டில் எழுதாத ஒன்றை எந்தக் கணினியும் கற்றுக்கொள்ள இயலாது.

தணிவு பெற்ற குஷிங் நோயாளியைக் வாழ்நாள் முழுவதும் ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும் என்பதே இன்றைய நெறி. நோய் மீள்வதை முதலில் காட்டிக் கொடுப்பது பெரும்பாலும் இரவுநேர உமிழ்நீர். நலமுள்ளவர்க்கு நள்ளிரவை ஒட்டிக் கார்ட்டிசால் மிகத் தாழ்ந்திருக்கும். கட்டி மீண்டும் தலையெடுத்தால் அத்தாழ்வு மறையும். ஆகவே நோயாளி ஆண்டுக்கொரு முறை, சில நாள் தொடர்ந்து, இரவு பதினொரு மணியளவில் வீட்டிலேயே ஒரு பஞ்சுத் துண்டை ஓரிரு நிமிடம் வாயில் அடக்கி, சிறு குழாயில் இட்டு மூடி, நாளும் நேரமும் எழுதி, மறுநாள் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிவைக்கிறார்.